பிடியைத் தைத்த கை

வில்லை வளைத்த வீரனின் பெயரை ஏடு சொல்லும். அவனைப் பாடிய புலவனின் பெயரையும் சொல்லும். அந்த வில்லின் நடுவிலே, வீரனின் இடக்கை பற்றும் இடத்திலே, தோலைச் சுற்றி இழுத்துத் தைத்தானே ஒருவன், அவன் பெயர் என்ன? ஏடு வாய் திறப்பதில்லை!

எளிய வேலையா அது? வைரம் பாய்ந்த மரத்தைச் செதுக்கிவிட்டால் மட்டும் வில் ஆகிவிடாது. வியர்த்த கையிலே வெறும் மரம் வழுக்கும். பிடிக்கும் இடம் முறைக்கு முறை மாறினால் குறி தவறும். ஆணி அடித்துத் தோலைப் பொருத்தலாமென்றாலோ, துளைபட்ட மரம் வலுவிழக்கும். ஆகவே, பதனிட்ட தோலைப் பிடியின் சுற்றளவைவிடச் சற்றே குறைத்து வெட்டி, இரு விளிம்பிலும் குத்தூசியால் துளையிட்டு, நீரில் நனைத்து, மெல்லிய வாரை மாறி மாறிக் கோத்து இறுக்க வேண்டும். ஈரம் உலர உலரத் தோல் சுருங்கும், மரத்தைக் கவ்விக்கொள்ளும். தையலோ உள்ளங்கையை உறுத்தாத புறத்திலே அமைய வேண்டும். அளவும் அனுபவமும் அறிவும் கூடிய கலை இது.

இந்தக் கலைஞனை நாடு எப்படி நடத்திற்று?

இருக்கு வேதத்தின் ஆறாம் மண்டலத்திலே 75-ஆம் பாடல் படைக்கருவிகளைப் போற்றுகிறது. மாட்டின் வாரால் கட்டுண்ட அம்பு பாய்ந்து செல்வதைப் பெருமையோடு பேசுகிறது. பின்னர் வந்த மனுநூலோ, தன் நான்காம் அத்தியாயத்திலே, தோல் அறுப்பவன் இடும் சோற்றை உண்டவனின் புகழ் கெடும் என்கிறது! வார் வேண்டும், வார் அறுத்தவன் வேண்டாம். இதற்குப் பெயர் நீதியாம்!

வடவர் ஏட்டைக் குறை கூறி, நம் வீட்டுக் குறையை மறைப்பது பகுத்தறிவாகாது. புறநானூற்றின் 82-ஆம் பாடலைப் பாருங்கள். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழனின் போர் விரைவைச் சொல்லச் சாத்தந்தையார் தேடிய உவமை எது? ஊரிலே விழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், வெளியிலே மழை, மேற்கிலே சாயும் கதிரவன். அந்த வேளையிலே கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியின் ஊசி! மன்னனின் மறத்தை அளக்க அந்த ஊசியே அளவுகோலாயிற்று. ஆனால், ஊசி பிடித்தவனைப் பாடல் அழைக்கும் சொல் ‘இழிசினன்’. உவமைக்கு உகந்தவன், ஊருக்கு இழிந்தவன்! எந்த அறிவு இதை ஏற்கும்?

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதனைக் கடைப்பிடிப்போரைத் தண்டிக்கும் சட்டமும் வந்தது. ஏட்டிலே ஒழிந்தது, எண்ணத்திலே ஒழிந்ததா? தோல் தைப்பவனின் தொழிற்பெயர் இன்றும் வசைச்சொல்லாக வழங்கவில்லையா?

வெடிமருந்து வந்தது; வில் களத்தை விட்டு அகன்றது. வினை செய்யும் கையை மறக்கும் வழக்கம் மட்டும் அகலவில்லை. சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் வட்டாரத்திலே, மருந்தையும் தாளையும் கொண்டு வாணம் செய்கின்றன உழைக்கும் கைகள். வானிலே பூக்கும் ஒளியை வியப்போரில் எத்தனை பேர் அந்தக் கைகளை நினைக்கின்றனர்?

இளைஞர்களே! காட்சிச்சாலையிலே பழைய வில்லைக் கண்டால், எவன் ஏந்தினான் என்று மட்டும் கேட்காதீர்கள். பிடியைப் பாருங்கள். அதைத் தைத்த கையை எண்ணுங்கள். அந்தக் கைக்குரிய மதிப்பை மீட்டுத் தராத வரலாறு, பாதி வரலாறே!