கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: நிறுத்த மருந்து தேடும் முன்...

குமாரலிங்கபுரம் போன்ற ஓர் ஊரில் கைக்குழந்தைக்கு நள்ளிரவில் வயிற்றால் போக ஆரம்பித்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "இதை நிறுத்த என்ன கொடுக்கலாம்?" என்பதுதான். டாக்டரைப் பார்க்க அருப்புக்கோட்டைக்கோ திருச்சுழிக்கோ போக வேண்டும். விடியும் வரை காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் வசம்பு உரைக்கச் சொல்வார், இன்னொருவர் தொக்கம் எடுக்கச் சொல்வார், "பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்து" என்று மூன்றாமவர் சொல்வார். எல்லோருமே குழந்தை மீதுள்ள அக்கறையில்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உடம்பிலிருந்து போன தண்ணீர் திரும்ப உள்ளே போகிறதா?

குழந்தைகளுக்கு வரும் நீர்த்த வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ரோட்டா போன்ற வைரஸ்களால் வருவது. சில நாட்களில், பொதுவாக ஒரு வாரத்துக்குள், அது தானாகவே அடங்கும். ஆபத்து அந்தச் சில நாட்களுக்குள்தான் இருக்கிறது. பெரியவருக்கு நாலு தடவை போனால் சோர்வு; ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதுவே உடம்பு வற்றிப்போகும் அளவு. நம் பகுதியின் வெயிலும் புழுக்கமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்கு ஆறேழு முறை மஞ்சளாக, இளக்கமாகப் போவது இயல்பு. அது நோய் அல்ல. வழக்கத்தைவிடத் தண்ணீராக, அதிக முறை, நாற்றத்தோடு போனால்தான் வயிற்றுப்போக்கு.

போன தண்ணீரை வாய் வழியாகவே திரும்பக் கொடுத்து உயிரைக் காக்கலாம் என்பது பெரிய அளவில் நிரூபணமானது நம் நாட்டில்தான். 1971-இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு வந்தனர். எல்லையோர ஊரான பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளவாகக் கலந்து டிரம்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே அதைப் பிடித்து ஊட்டினார்கள். அதற்கு முன் சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இதை இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978-இல் லான்செட் இதழ் எழுதியது. 2022-இல் அவர் காலமான பிறகு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. முகாமில் கிண்ணத்தைப் பிடித்து ஊட்டியவர்கள் படித்த நர்சுகள் அல்லர், தாய்மார்களும் உறவினர்களும் என்பதைக் கவனியுங்கள்.

அதே வகைக் கரைசல்தான் இன்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டாக ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் இலவசமாகக் கிடைக்கிறது. குழந்தை உள்ள வீட்டில் இரண்டு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். 1 லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மில்லி பாக்கெட்டும் உண்டு. உறையைப் படித்துவிட்டுப் பிரியுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட்டைக் கண்ணளவாகக் கலப்பது தவறு. தண்ணீர் குறைந்தால் உப்பு கூடி, அதுவே குழந்தைக்குக் கேடாகும். அளக்க எளிய வழி, 1 லிட்டர் தண்ணீர் பாட்டில். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரை, தண்ணீராகப் போகும் ஒவ்வொரு முறைக்கும் 50 முதல் 100 மில்லி, அதாவது கால் முதல் அரை டம்ளர். பீடிங் பாட்டில் வேண்டாம். பாலாடையிலோ ஸ்பூனிலோ கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு வீட்டு வைத்தியமே கூடாது. நேராக மருத்துவமனைக்குப் போங்கள். போகும் வழியில் தாய்ப்பாலும், ஒவ்வொரு போக்குக்கும் ஐந்து ஸ்பூன் கரைசலும் கொடுக்கலாம்.

கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஓ.ஆர்.எஸ். என்று பெயரில் போட்டுக்கொண்டு பழச்சாறு போன்ற இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகளாக மருந்துக் கடைகளிலேயே விற்றுவந்தன. அதிகச் சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை இத்தகைய பானங்களுக்குத் தடை செய்தது. ஆகவே உலக சுகாதார நிறுவன சூத்திரம் என்று எழுதியிருக்கும் பொடியையே கேட்டு வாங்குங்கள்.

தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. அதில் தண்ணீரும் இருக்கிறது, கிருமியை எதிர்க்கும் சத்தும் இருக்கிறது. முழுமையாகப் பாலூட்டும் காலம் இரண்டாண்டு என்று அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆவது வசனம் சொல்வது நமக்குத் தெரியும். நோய் வந்த நாட்கள் அதில் விலக்கல்ல. ரமளானில் இப்படி நேர்ந்தால், பால் வற்றிவிடும் என்று அஞ்சும் தாய்க்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகை உண்டு. மாமியார்மார்கள் இதை மருமகளுக்கு எடுத்துச் சொல்வது நல்லது.

தேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயிற்று நோய் கண்ட சகோதரருக்காக வந்த ஒருவரிடம் தேன் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் உள்ளது. அதை வைத்துக் கைக்குழந்தையின் நாக்கில் தேன் தடவுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தச் செய்தி கைக்குழந்தையைப் பற்றியதாக வரவில்லை. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளையே செயலிழக்க வைக்கும். பெரியவர்களின் குடலில் அப்படி நடப்பது மிக அரிது. எனவே ஒரு வயது வரை தேன் வேண்டாம். ஓதி ஊதிய தண்ணீரைத் தாய் குடிக்கட்டும், குழந்தைக்கு துஆ ஓதட்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை வாயில் பச்சைத் தண்ணீர் எதையும் ஊற்ற வேண்டாம். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளுக்கு நபியவர்கள் செய்யும்படியே சொன்னார்கள்.

தொக்கம் எடுப்பது, கிரைப் வாட்டர், பெரியவர்களுக்கான 'நிறுத்தும்' மாத்திரை ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். இவற்றில் அந்த மாத்திரைதான் மிகவும் ஆபத்து; குடலின் அசைவையே முடக்கிவிடும். ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. உண்மையில் பலன் தரும் மாத்திரை துத்தநாகம், அதாவது ஜிங்க். இரண்டு முதல் ஆறு மாதம் வரை தினம் 10 மில்லி கிராம், அதற்கு மேல் 20 மில்லி கிராம். தாய்ப்பாலில் கரைத்து, வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் விடாமல் 14 நாட்கள் கொடுக்க வேண்டும். அளவைச் செவிலியரிடமோ டாக்டரிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருக்கிறதா என்று பாட்டிமார் தடவிப் பார்ப்பார்களே, அது மிகச் சரியான சோதனை. அதோடு கண்கள் குழிவிழுதல், கண்ணீர் இல்லாத அழுகை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் படிவது, பால் குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது ஆகியவற்றையும் பாருங்கள். மலத்தில் இரத்தமோ வாந்தியில் பச்சை நிறமோ தெரிந்தாலும், காலை மடக்கி வீறிட்டு அழுது ஓய்ந்து மறுபடி அழுதாலும் அப்படியே. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை ஸ்பூன் நிற்கக் கூடாது. குழந்தை விழுங்க முடியாத நிலையில் இருந்தால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

நோய் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் தினமும் வராத ஊர்களில் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். வரும்போது சுத்தமாக இருந்த தண்ணீர், கை விட்டு மொள்ளும்போதுதான் கெடுகிறது. குடிதண்ணீருக்கு மூடியும், கைப்பிடி நீண்ட அகப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வேளை ஒளு செய்கிறோமே என்பார்கள். குழந்தையின் மலத்தைத் துடைத்த கைக்குத் தண்ணீர் போதாது, சோப்பு வேண்டும்.

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டில் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. ஊசி அல்ல, வாயில் விடுவது. 6, 10, 14 வாரங்களில் தர வேண்டும். நம் நாட்டுத் தயாரிப்பான ரோட்டாவாக் சோதிக்கப்பட்ட மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. பேறுகாலம் முடிந்து தாய்வீட்டிலிருந்து திரும்பும்போது அந்த அட்டையை மறந்து விட்டுவிடுவதால் தவணை தவறுகிறவர்கள் உண்டு. அட்டையைத் துணிப்பையில் முதலில் எடுத்து வையுங்கள்.