பேட்டை மீண்டும் தழைத்த வரலாறு

பெங்களூரில் வாழும் தமிழ் மக்களுள் சிக்கப்பேட்டைக்குச் சென்று துணி வாங்காதவர் அரியர். மக்கள் நெருக்கத்தால் நடக்கவும் இடமின்றி விளங்கும் அப்பழைய நகர், ஒரு காலத்தில் குடிகளை இழந்து கிடந்தது என்றால் நம்புதல் கடினமே. அதனை மீண்டும் வாழ்வித்தவர் யாவர் என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

கெம்பே கௌடர் 1537-ஆம் ஆண்டில் கோட்டை கட்டி, வீதிகள் வகுத்து, வணிகரையும் கைவினைஞரையும் குடியேற்றினார் என்பர். அவரவர் தொழிலே வீதிகளுக்குப் பெயராயிற்று. கன்னடத்தில் ‘அரளே’ என்பது பருத்தி. ‘அக்கி’ என்பது அரிசி. ‘பளே’ என்பது வளையல். அரளேபேட்டை, அக்கிப்பேட்டை, பளேபேட்டை என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பேட்டைக்கு இருபெருங்கேடுகள் நேர்ந்தன. ஆற்காடு, ஐதராபாத் அரசுகளோடு பகை கொண்டிருந்த திப்பு சுல்தான், அந்நாடுகளுடன் வாணிகம் செய்வதைத் தடுத்தார். பின்னர், 1791 மார்ச் 7-ஆம் நாள் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை பேட்டையைக் கைப்பற்றியது. இரு வாரங்களில் கோட்டையும் வீழ்ந்தது. குடிகள் ஓடினர், எஞ்சிய பொருள்கள் கொள்ளை போயின.

1799-இல் திப்பு மறைந்தபின் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் மீண்டது. பூர்ணையா திவானாக ஆட்சியை நடத்தினார். மறு ஆண்டு மே மாதத்தில், கம்பெனியாரின் பணியில் இருந்த பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர், சென்னையிலிருந்து புறப்பட்டுப் பெங்களூர் வந்து சேர்ந்தார். எத்திசையிலிருந்தும் மக்கள் திரும்பி வருவதையும், பெருஞ்செல்வர் சிலரே இருப்பினும் வாணிகமும் தொழிலும் விரைந்து வளர்வதையும் அவர் தமது நூலிற் பதிந்துள்ளார்.

இவ்வளர்ச்சி எங்ஙனம் நிகழ்ந்தது? உள்ளூர் வணிகர் நெசவாளர்க்கு முன்பணம் அளித்துத் துணி நெய்வித்தனர். பல குலத்துப் பெண்களும் வாரச் சந்தையில் பருத்தி வாங்கி, வீட்டிலேயே நூற்று, நூலை நெசவாளரிடம் விற்றனர். மலைத்தொடருக்குக் கீழேயுள்ள தமிழ்நாட்டுடன் நடந்த வாணிகத்தில் வாலாஜாபேட்டை வணிகர் பெரும்பங்கு கொண்டனர். சென்னைத் துறைமுகத்துச் சரக்குகள் மேலே ஏறின. மைசூர் நாட்டுப் பாக்கு முதலியன கீழே இறங்கின. அடைபட்ட வழி திறந்ததும் இரு நாட்டாரும் பயனுற்றனர்.

அரசு செய்தது அமைதியைக் காத்தமையும் வழியைத் திறந்தமையுமே. கடையைத் திறந்தவரும், தறியில் அமர்ந்தவரும், நூல் நூற்றவரும் குடிமக்களே. அவர்களுட் பெரும்பாலோர் சிறு முதல் உடையவர், பெயர் எழுதப்படாதவர்.

2017-இல் சிக்கப்பேட்டைக்கு நிலத்தடி ரயில் நிலையம் வந்தது. பழைய வீதிகளை இன்றும் வாழ்விப்பது அங்குள்ள கடைக்காரர்களின் உழைப்பே. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எனப் பல மொழிகளில் அங்கே விலை பேசப்படுகிறது. வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு: இந்நகரை மீண்டும் எழுப்பியவருள் வழிநடந்து வந்த அயலாரும் இருந்தனர்.