உத்திரமேரூர் ஹெச்.ஆர். பாலிசி

ஹெச்.ஆர்.னாலே வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச சமாச்சாரம்னு நம்ம பொட்டி தட்டுற மக்கள்ல நிறைய பேர் நினைக்கிறாங்க. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்ல வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பாருங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919லயும் 921லயும் வெட்டின கல்வெட்டுகள் இருக்கு. ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்குற விதிமுறைகள் அத்தனையும் அதுல அடக்கம்.

குடவோலைன்னதும் 'அந்தக் காலத்து ஓட்டு'ன்னு சொல்லிட்டுப் போயிடறோம். உண்மையில அது குலுக்கல். ஊர்ல 30 குடும்பு (வார்டுன்னு வெச்சுக்கோங்க). தகுதியானவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, சபை முன்னாடி விவரம் அறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. ஓலையை வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். கைக்குள்ள வேற ஓலை இருந்துடக் கூடாதுல்ல :-)

குடும்புக்கு ஒருத்தரா 30 பேர். அதுல ஏற்கனவே தோட்ட வாரியம், ஏரி வாரியத்துல வேலை பாத்தவங்க, படிப்புலயும் வயசுலயும் மூத்தவங்கன்னு 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு. மீதியில 12 பேர் தோட்டத்துக்கு, 6 பேர் ஏரிக்கு. பதவி 360 நாள்தான். தப்பு பண்ணினா நடுவுலயே தூக்கிடலாம். முந்தின மூணு வருஷத்துல பதவியில இருந்தவருக்கு ஓலையே கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கணக்கு சம்பந்தப்பட்ட விதிகள். வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவரோட சித்தி, பெரியம்மா, அத்தை பிள்ளைகள், தாய்மாமன் வரைக்கும் தடை! அதேமாதிரி, கணக்கு எழுதினவரே வந்து அதை ஒப்படைக்கணும், வேற ஆளை விட்டு முடிக்கக் கூடாது. பாதியில கழண்டுக்கிட்டவங்களோட கோடை நோண்டி முழி பிதுங்கினவங்களுக்கு இதோட அருமை புரியும்.

இன்னொண்ணு, எழுதினதோட விட்டுடல. 919ல வயசு வரம்பு 30லேர்ந்து 60. ரெண்டே வருஷத்துல அதை 35லேர்ந்து 70னு மாத்தியிருக்காங்க.

இதுக்காக 'அன்றே சொன்னான் தமிழன்'னு துள்ள வேண்டாம். 921 விதிப்படி கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, வேத அறிவு இதெல்லாம் வேணும் (படிப்பு கூடுதலா இருந்தா அரைக்கால் வேலி போதும்). அது பிராமணர் சபை. பெண்கள் பேரோ, நிலமில்லாம உழுதவங்க பேரோ அந்தக் குடத்துக்குள்ள போகவே இல்லை. ஏரித்தண்ணி மட்டும் எல்லாருக்கும் வேணும்.

இன்னிக்கும் 'எங்களுக்கு மனிதர்களே முதல் சொத்து'ன்னு போர்டு வைக்கிற கம்பெனிகள்ல, ராத்திரி காவல் நிக்கிற செக்யூரிட்டி அண்ணனும் ஹவுஸ் கீப்பிங் அக்காவும் பெரும்பாலும் கான்ட்ராக்ட்தான். பாலிசியைப் படிக்கும்போது, குடத்துக்குள்ள யார் பேர் இருக்குன்னும் ஒருதடவை எட்டிப் பாத்துடுங்க மக்களே.