ரிஸ்க் எங்கே போகிறது?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டாள்: "மாசாமாசம் கட்டுறியே, அந்தப் பணம் பத்திரமா இருக்குமாடா?"

அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரே ஆளிடம் சீட்டு கட்டினார்கள். ஒருநாள் ராத்திரி அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்ததும் அதோடு போயிற்று.

"ஒரே இடத்துல போடலம்மா. அம்பது கம்பெனிக்குப் பிரிச்சுப் போடுறாங்க. ஒண்ணு விழுந்தாலும் மத்தது தாங்கிக்கும். ரிஸ்க்கைப் பிரிச்சுடுறது."

ஆபீஸில் தினமும் செய்கிற வேலைதான். ஒரு சர்வர் படுத்தால் அதன் சுமையை மற்ற சர்வர்களுக்குத் திருப்பிவிடுவோம். அதனால் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அது சரி. பிரிச்சா எங்க போகும்? யார் தலையிலயாவது விழத்தானே செய்யும்?"

என்னிடம் பதில் இல்லை. பெங்களூர் திரும்பும் பஸ்ஸில் போனில் தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் போய் நின்ற இடம் 1868, லண்டன்.

அந்த வருடம் மார்ச் மாதம் 'ஃபாரின் அண்ட் கலோனியல் கவர்ன்மென்ட் டிரஸ்ட்' தொடங்கப்பட்டது. பலரின் பணத்தை ஒன்றாகத் திரட்டிப் பல இடங்களில் போடும் யோசனையை 1774-லேயே ஆம்ஸ்டர்டாமில் ஒரு தரகர் செய்து பார்த்துவிட்டார். ஆனால் இன்றுவரை உயிரோடிருக்கும் முதலீட்டு நிதிகளில் மூத்தது இந்த லண்டன் டிரஸ்ட்தான். என் எஸ்ஐபிக்குக் கொள்ளுத்தாத்தா.

அது பிறந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் முன்னால், 1866 மே 10 அன்று, ஓவரெண்ட் கர்னி என்ற மாபெரும் நிதி நிறுவனம் திவாலாகியிருந்தது. அதன் பங்குகளை வாங்கியவர்கள் போட்ட பணத்தை இழந்தார்கள். அதோடு விடவில்லை, நிறுவனத்தின் கடனை அடைக்க மேலும் கையிலிருந்து கட்ட வேண்டி வந்தது. பிரிட்டிஷ் அரசின் பத்திரம் வாங்கினால் பத்திரம்தான், ஆனால் வட்டி 3 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. வெளிநாட்டு அரசுகள் இரண்டு மடங்கு தரத் தயார். அந்த அரசு கைவிரித்தால்? பணக்காரன் பத்து நாட்டில் போட்டுத் தப்பித்துக்கொள்வான். நடுத்தரக் குடும்பத்து மனுஷன் என்ன செய்வான்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் பிலிப் ரோஸ் என்ற வழக்கறிஞர். டிஸ்ரேலியின் சட்ட ஆலோசகர். அவரை வில்லனாக்க முடியாது. தன்னிடம் வேலை பார்த்த எழுத்தர் ஒருவருக்குக் காசநோய் வந்து, எந்த ஆஸ்பத்திரியும் சேர்த்துக்கொள்ளாதபோது, காசநோய்க்கென்றே பிராம்ப்டன் மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர். டிரஸ்ட்டின் நோக்கமும் நல்லதுதான்: பெரிய முதலாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சிறு சேமிப்பாளனுக்கும் கிடைக்க வேண்டும்.

100 பவுண்ட் சான்றிதழை 85 பவுண்டுக்கு விற்றார்கள். வருடத்துக்கு 6 பவுண்ட் வட்டி. ஆண்டுதோறும் குலுக்கல் நடத்தி, பெயர் விழுந்தவர்களுக்கு முழு 100 பவுண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். நம்மூர் குலுக்கல் சீட்டேதான்! திரட்டிய பணம் 18 அரசுப் பத்திரங்களுக்குப் போனது. துருக்கி, எகிப்து, ஸ்பெயின், பெரு, பிரேசில், ரஷ்யா எல்லாம் அதில் உண்டு.

1870களில் ஸ்பெயின், துருக்கி, பெரு என்று ஒவ்வொன்றாக வட்டி கட்ட முடியாமல் தடுமாறின. டிரஸ்ட் சாயவில்லை. மற்றவை தாங்கிக்கொண்டன. பிலிப் ரோஸின் கணக்கு சரியாகவே வேலை செய்தது.

அம்மாவின் கேள்விக்கான பதில் எகிப்தில் இருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது எகிப்தியப் பருத்திக்கு ஏக கிராக்கி. போர் முடிந்ததும் விலை சரிந்தது, ஆனால் எகிப்தை ஆண்ட இஸ்மாயில் கடன் வாங்குவதை நிறுத்தவில்லை. 1875-ல் சூயஸ் கால்வாயில் தனக்கிருந்த பங்குகளை சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு பிரிட்டிஷ் அரசிடம் விற்றார். வாங்கிய பிரதமர், நம் ரோஸின் கட்சிக்காரர் டிஸ்ரேலி. அதுவும் போதவில்லை. 1876-ல் ஐரோப்பியர்கள் கையில் ஒரு கடன் ஆணையம் வந்து உட்கார்ந்தது. எகிப்தின் வரிப்பணம் அதன் வழியாகக் கடன்காரர்களுக்குப் போனது.

1877-ல் நைல் பொங்கவில்லை. அதே காலத்தில் இங்கே பருவமழை பொய்த்து தாது வருஷப் பஞ்சம். மேல் எகிப்திலும் அடுத்த வருடம் ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். ஆனால் 1878 மே மாத வட்டி தவணை தவறாமல் கட்டப்பட்டது. விவசாயிகளிடம் கறந்த வரியில்.

அந்தக் கோபமும் சேர்ந்துதான் உராபியின் கிளர்ச்சியானது. 1882-ல் பிரிட்டன் படையெடுத்து எகிப்தைப் பிடித்தது. அந்தப் படையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் இருந்தார்கள். டெல் எல் கெபிர் போரின் பெயரை அந்தப் படைப்பிரிவு இன்றும் விருதாகச் சுமக்கிறது. இந்தியத் துருப்புகளுக்கான செலவில் ஒரு பகுதி இந்திய வருவாயின் கணக்கில் எழுதப்பட்டது. பஞ்சத்திலிருந்து எழுந்து நான்கு வருடம்கூட ஆகாத மெட்ராஸ் மாகாணத்து விவசாயி கட்டிய வரியும் அதில் சேர்த்தி.

இந்த ஒரு டிரஸ்ட்தான் எகிப்தை விழுங்கியது என்று சொல்ல வரவில்லை. மொத்தக் கடனில் அதன் பங்கு சிறியது. அதற்குப் பணம் கொடுத்த ஒவ்வொருவரின் பங்கு இன்னும் சிறியது. பிரித்துப் போடுவதில் இதுவும் நடக்கிறது. நஷ்டம் உறுத்தாத அளவுக்குச் சிறிதாகிறபோது பொறுப்பும் அதே அளவுக்குச் சிறிதாகிவிடுகிறது. லண்டனில் வட்டி வாங்கிய விதவைக்கு நைல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்த டிரஸ்ட் 1879-ல் கம்பெனியாக மாறியது. இரண்டு உலகப் போர்களைத் தாண்டியது. 2018-ல் 150 வயதைத் தொட்டு, இன்றும் 'எஃப் அண்ட் சி இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட்' என்ற பெயரில் லண்டன் சந்தையில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி, உன்னோட அம்பது கம்பெனி யார் யாரு?"

ஆறு வருடமாகக் கட்டுகிறேன், அந்தப் பட்டியலை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பன்னிரண்டாவது பெயரில் அம்மா நிறுத்தினாள்.

"சிமென்ட் கம்பெனியா? நம்ம பெரியப்பா சோளக் கொல்லைக்குப் பக்கத்துல குழி வெட்டுறவங்கதானே? கெணத்துல தண்ணி இல்லன்னு போன வாரம்தான் சொல்லிட்டிருந்தாரு."

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"சரி, அடுத்தது யாரு, படி" என்றாள்.