ஏர்ஹோஸ்டஸ் ஆக ஆறு மாதக் கோர்ஸ் வேண்டுமா?

போன வாரம் நாக்பூரில் எங்கள் கிளைக்கு ஓர் அப்பா வந்தார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாளாம். ஏர்ஹோஸ்டஸ் ஆக ஆறு மாதக் கோர்ஸ், ஃபீஸ் லட்சத்துக்கு மேல், லோன் கிடைக்குமா என்றார். 2007-இல் இதே மாதிரி ஒரு லோனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை. தவணையை அப்பாதான் கட்டி முடித்தார். அதனால் இவரை உட்காரவைத்துக் கொஞ்சம் பழைய கதை சொன்னேன்.

இந்த வேலைக்குப் பெண்கள் வந்தது 1930-இல். அமெரிக்காவில் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் எல்லன் சர்ச் என்ற நர்ஸ் கேட்டு வாங்கிய வேலை. முதலில் சேர்ந்த எட்டுப் பேருமே நர்ஸ்கள். ஆக, அன்றைக்கு வெளியே படித்த படிப்புக்கு மதிப்பு இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நர்ஸ்கள் ராணுவத்துக்குத் தேவைப்பட, கம்பெனிகள் அந்த நிபந்தனையைக் கைவிட்டன. ஆளை எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுத்துக்கொண்டன. 1986-இல் கராச்சியில் பயணிகளைக் காப்பாற்றி உயிர்விட்ட நீரஜா பனோட்டுக்கும் பான் ஆம் கம்பெனிதான் மியாமியில் பயிற்சி கொடுத்தது.

அப்புறம் கோர்ஸ் எப்படி முளைத்தது? 1994-இல் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் ரத்தாகித் தனியாருக்கு வழி முழுசாகத் திறந்தது. 2003-இல் ஏர் டெக்கான், 2005-இல் கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், 2006-இல் இண்டிகோ. ஆள் தேவை என்றதும் ஊருக்கு ஊர் போர்டு மாட்டிவிட்டார்கள். ஆனால் 2012-இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019-இல் ஜெட் ஏர்வேஸ் நின்றது. வட்டி மட்டும் நிற்காது சார்!

சரி, கோர்ஸால் பயனே இல்லையா? கூச்ச சுபாவமுள்ள பெண்ணுக்கு இங்கிலீஷ் பேசவும், இண்டர்வியூவில் நிமிர்ந்து உட்காரவும் உதவும். அவ்வளவுதான். அந்த சர்டிஃபிகேட் லைசென்ஸ் கிடையாது. விமானக் கம்பெனிகள் பார்ப்பது பிளஸ் டூ, வயது, உயரம், பேச்சு, உடல்தகுதி. வேலைக்கு எடுத்தபின் கதவு திறப்பது, தீயணைப்பது, முதலுதவி, தண்ணீரில் இறங்கினால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் கம்பெனியே சொல்லித்தரும். பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 நொடியில் எல்லோரையும் வெளியேற்ற முடிந்தால்தான் ஒரு விமான மாடலுக்கே அனுமதி. அந்தந்த விமானத்தின் கதவில் பழகாமல் இது கைவராது. கோர்ஸ் முடித்தவரும் முடிக்காதவரும் அங்கே ஒரே பெஞ்சுதான்.

"முதலில் மகளை ஒரு வாக்-இன் இண்டர்வியூவுக்கு அனுப்புங்கள். எங்கே தடுக்கிறது என்று தெரிந்தால் அதற்கு மட்டும் செலவு செய்யலாம்" என்றேன். மகளையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். விண்ணப்பப் படிவத்தையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.