விஞ்ஞானப் புனைகதை ஆட்டங்களில் அரிய தொழில்நுட்பம்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டங்களில், அக்கதையுலகின் அறிவை மிஞ்சிய கருவியொன்றைப் புகுத்தும் முறை. ஆட்டத்தை நடத்தும் நடுவர்கள் இதில் எளிதில் சறுக்குவார்கள். எதையும் எரிக்கும் துப்பாக்கி ஒருவர் கைக்குப் போய்விட்டால் மற்றவர்களுக்கு வேடிக்கை பார்ப்பதுதான் வேலை.

மார்க் மில்லர் 1977இல் வெளியிட்ட டிராவலர் என்ற ஆட்டம் இதை எண்ணால் அளந்தது. ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு தொழில்நுட்ப நிலை உண்டு; பூச்சியம் என்றால் கற்காலம், பேரரசின் உச்சம் 15. அதற்கும் மேற்பட்டவை, மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த 'பழையோர்' விட்டுச்சென்றவை. 2013இல் வந்த நூமெனெரா, ஒரே தடவையில் தீர்ந்துபோகும் சிறு கருவிகளைத் தாராளமாகக் கொடுக்கிறது. பெரிய கருவிகளைப் பயன்படுத்தும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். குறித்த எண் விழுந்தால் கருவியின் ஆயுள் முடிந்தது. மேசையில் நன்றாக ஓடுவது இந்த ஏற்பாடுதான்.

ஆனால் கருவி எப்போது தீரும் என்பதைவிட, அது வந்ததால் யார் இடம்பெயர வேண்டும் என்பதே கதைக்குத் தீனி. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 'த ஃபவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்' (1979) நாவலில் இதைச் செய்துகாட்டினார். விண்வெளி வரை நீண்டாலும் அறாத இழை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதைக்கொண்டு விண்ணுக்கு மின்தூக்கி கட்டலாம். அதற்கு ஏற்ற மலையுச்சியிலோ விகாரை இருக்கிறது, பிக்குகள் நகர மறுக்கிறார்கள். அந்த மலைக்கு மாதிரி சபரகமுவையின் சிவனொளிபாதமலை (2,243 மீற்றர்). தீவை நிலநடுக்கோட்டில் வைப்பதற்காகச் சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே இழுத்துவிட்டார் கிளார்க். புனைகதைக்காரனுக்கு அந்த உரிமை உண்டு. கடைசியில் பிக்குகளை எழுப்பியது பொறியியலாளரின் வாதமல்ல, புயலில் உச்சிக்கு வந்து சேர்ந்த மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள்; அவை உச்சியை எட்டினால் பிக்குகள் வெளியேற வேண்டும் என்பது கதையில் வரும் பழைய ஐதீகம்.

இதே வழியில், இரத்தினபுரி மாவட்டத்தில் பெல்மதுளை–எம்பிலிப்பிட்டிய வீதியிலுள்ள கொடகவெலயை ஆட்டக்களமாக்கலாம். மாணிக்கக் குழியிலிருந்து ஏற்றிய, 'இல்லம்' எனப்படும் மாணிக்கச் சரளை மண்ணைக் கூடையில் அரிக்கும்போது, எத்தனை முறை தண்ணீரில் அமிழ்த்தினாலும் சூடு ஆறாத உலோகக் குண்டொன்று அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். காணிக்காரர், அனுமதிப்பத்திரம் எடுத்தவர், பம்பு கொடுத்தவர், குழியில் இறங்கியவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. கல்லென்றால் விற்றுப் பிரித்துக்கொள்வார்கள். குண்டை எப்படிப் பிரிப்பது? மாணிக்கக்கல் அனுமதிப்பத்திரம் இதற்குச் செல்லுமா? குண்டை முதலில் கண்டவர், பக்கத்து இறப்பர்த் தோட்டத்து லயத்திலிருந்து நாட்கூலிக்கு வந்த, பங்கில்லாத ஆள். ஆட்டக்காரரில் ஒருவருக்குக் கட்டாயம் அந்தப் பாத்திரத்தைக் கொடுக்க வேண்டும். விதி ஒன்று போதும்: ஒவ்வொரு இரவும் அறுமுகப் பகடை ஒன்று, 1 விழுந்தால் குண்டு குளிர்ந்துவிடும், கொழும்பிலிருந்து வாங்க வந்தவர் வானைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.