வெடித்த மண்ணும் அரூபக் கலையும்

கலை மக்களுக்கே உரியது என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்டோர் மத்தியில், அரூப ஓவியம் என்றவுடன் ஓர் ஐயம் எழுவது இயல்பே. மனித முகமும் உழைக்கும் கரமும் இல்லாத ஓவியம் யாருடைய துயரைச் சொல்லும்? யாருடைய சினத்தை எழுப்பும்? செல்வர் மாளிகைச் சுவருக்கு அலங்காரமாவதன்றி அதற்கு வேறு பயன் உண்டா? இவ்வினாக்கள் நியாயமானவை. ஆயினும், வினா நியாயமானதாயிருப்பதனால் மட்டும், அதற்கு நாம் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கும் விடையும் நியாயமானதாகிவிடாது. கோட்பாடுகளை வரலாற்றின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே நமது மரபு. அத்தகைய உரைகல்லாக அமைவது, இத்தாலி நாட்டின் சிசிலித் தீவிலே உள்ள ஜிபெல்லினா என்னும் சிற்றூரின் கதையாகும். இயற்கையின் சீற்றமும், சமுதாயத்தின் அநீதியும், அரூபக் கலையும் ஒரே மண்ணிற் சந்தித்த இடம் அது.

முதலிலே இயற்கையின் பங்கினைக் காண்போம். நிலம் அதிர்வது தெய்வக் குற்றத்தால் என்று மனிதன் நெடுங்காலம் நம்பினான். பூமியின் மேலோடு பெருந் தகடுகளாகப் பிரிந்து நகர்கின்றது என்னும் தகட்டோட்டுக் கோட்பாடு 1967, 1968 ஆம் ஆண்டுகளிலேதான் முழு உருப்பெற்றது. ஆபிரிக்கத் தகடு ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் என்னும் அளவில் ஐரோப்பாவை நோக்கி நெருங்குகின்றது. இடையில் அகப்பட்டுள்ள சிசிலியின் பாறைகள் அந்நெருக்குதலைத் தாங்கி, வளைந்து, இறுகி நிற்கின்றன. தாங்கும் எல்லை கடந்ததும் பாறை முறிந்து, பிளவின் வழியே சறுக்குகின்றது. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த விசை சில கணங்களில் அலைகளாக வெளிப்படுகின்றது. இதுவே பூமியதிர்ச்சி. 1906 ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ அதிர்ச்சியை ஆராய்ந்த ஹரி ஃபீல்டிங் ரீட் என்னும் அறிஞர் இவ்வுண்மையைத் தெளிவுபடுத்தினார்.

சிசிலியின் மேற்கிலே பாயும் சிற்றாறு பெலிச்சே. அதன் முகத்துவாரத்துக்கு அண்மையிலே செலினுந்தே என்னும் பண்டைய கிரேக்க நகரின் கோயில்கள் சரிந்து கிடக்கின்றன. அவற்றின் தூண்கள் விழுந்துள்ள விதத்தை ஆராய்ந்தோர், பண்டைக்காலத்திலேயே அங்கு வலிய அதிர்ச்சிகள் நிகழ்ந்தன என்று கண்டுள்ளனர். கற்கள் எழுதிவைத்த அச்சாட்சியத்தை ஆட்சியாளர் படிக்கவில்லை.

1968 ஜனவரி 14 ஆம் திகதி பிற்பகலிலே பெலிச்சேப் பள்ளத்தாக்கில் முதல் அதிர்ச்சிகள் உணரப்பட்டன. அஞ்சிய மக்களிற் பலர், குளிரையும் பொருட்படுத்தாது அன்றிரவைத் திறந்த வெளியிற் கழித்தனர். 15 ஆம் திகதி அதிகாலை மூன்று மணியளவில் பேரதிர்ச்சி வந்தது. ஜிபெல்லினா, பொச்சோரெயாலே, சலபருத்தா, மொந்தேவாகோ ஆகிய நான்கு ஊர்கள் அடியோடு அழிந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், ஏறக்குறைய 1,00,000 பேர் வீடிழந்தனர். மக்கள் முன்னரே வெளியேறியிராவிடின் உயிரிழப்புப் பன்மடங்காகியிருக்கும். அவர்களைக் காத்தது அவர்களது அச்சமே. அரசின் முன்னேற்பாடு அன்று.

அதிர்ச்சியின் அளவு 6.4 எனக் கணிக்கப்பட்டது. வலிய கட்டடங்கள் உள்ள நாட்டிலே இத்தகைய அதிர்ச்சி ஊர்களை இவ்வாறு துடைத்தழிப்பதில்லை. அப்படியாயின் ஜிபெல்லினா ஏன் மண்மேடாயிற்று? அங்கு வாழ்ந்தோர் கூலி விவசாயிகளும் சிறு குடியானவர்களுமே. கரடுமுரடான கற்களை வலுவற்ற சாந்தினால் அடுக்கி, அதன்மேற் பாரமான கூரையை ஏற்றிய வீடுகளே அவர்களால் இயன்றவை. தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளருக்கு உழைத்தோர்க்கு வேறு வகையான வீடு கட்ட வழி ஏது? பாறையை முறித்தது இயற்கை; வீட்டை வீழ்த்தியது வறுமை.

இதனை அன்றே உணர்ந்தோரும் இருந்தனர். சிசிலியின் காந்தி என அழைக்கப்பட்ட டனிலோ டொல்சி, அதிர்ச்சிக்கு முந்திய ஆண்டாகிய 1967 இன் மார்ச் மாதத்திலே, நீரும் வேலையும் சமாதானமும் கேட்டு, மேற்குச் சிசிலியின் மக்களுடன் பலேர்மோ நகர்வரை நடந்து சென்றார். அக்கோரிக்கைகளுக்கு அரசு செவிசாய்க்குமுன் நிலம் அதிர்ந்துவிட்டது. அதிர்ச்சிக்குப் பின் அரசு காட்டிய கருணையோ வியப்புக்குரியது. வீடிழந்தோர் ஊரைவிட்டு வெளியேற இலவசப் புகைவண்டிச் சீட்டுக்கள் வழங்கப்பட்டன. போவதற்கு மட்டுமே சீட்டு. திரும்பி வருவதற்கு இல்லை. வட இத்தாலியின் தொழிற்சாலைகளுக்கு மலிவான கரங்கள் தேவைப்பட்ட காலம் அது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஊரைவிட்டுப் போகாதோர் தற்காலிகக் கொட்டில்களிற் குடியேற்றப்பட்டனர். தற்காலிகம் என்ற சொல்லுக்கு இத்தாலிய அரசின் அகராதியிலே தனிப்பொருள் உண்டு. 1908 டிசம்பரில் மெசினா நகரை அழித்த அதிர்ச்சியின் பின் தோன்றிய கொட்டிற் குடியிருப்புகளை முற்றாக அகற்றுவதற்கு 2021 இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பெலிச்சேயிலும் பத்து ஆண்டுகள் கழிந்தும் பல்லாயிரவர் கொட்டில்களிலேயே வாழ்ந்தனர். வீடுகள் எழுமுன்னரே அகன்ற வீதிகளும் உயர்ந்த பாலங்களும் எழுந்தன. வீதி போடுவதிலே ஒப்பந்தக்காரருக்கு இலாபம் இருந்தது. ஏழையின் வீட்டில் அத்தகைய இலாபம் இருக்கவில்லை.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 1970 மார்ச்சிலே டொல்சியும் தோழர்களும் பார்த்தினிக்கோ என்னுமிடத்திலிருந்து, வானொலி அரசின் தனியுரிமையாயிருந்த அக்காலத்தில், சட்டத்தை மீறி வானொலி நடத்திப் பெலிச்சே மக்களின் நிலையை உலகுக்கு உரைத்தனர். ஒரு நாளுக்குச் சற்று அதிகமான நேரத்துள் பொலிசார் அதனை மூடினர். அதே ஆண்டிலே, கட்டாயப் படைச்சேவைக்குப் பதிலாகத் தம் ஊரின் புனரமைப்புப் பணியில் ஈடுபடும் உரிமையைப் பள்ளத்தாக்கின் இளைஞர் போராடிப் பெற்றனர்.

இனிக் கலைக்கு வருவோம். போருக்குப் பிந்திய இத்தாலியிலே, கலையின் உருவம்பற்றி இடதுசாரிகளுக்குள் கடும் விவாதம் நிகழ்ந்தது. 1947 இல் ரோம் நகரிலே இளம் கலைஞர் சிலர் 'ஃபோர்மா 1' என்னும் குழுவை அமைத்து, தாம் உருவவாதிகள், அதேவேளையில் மார்க்ஸியவாதிகள் என அறிவித்தனர். சிசிலியிற் பிறந்த சிற்பி பியெத்ரோ கொன்சாக்ரா அவர்களுள் ஒருவர். மறு ஆண்டிலேயே கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டோக்ளியாட்டி, பொலோன்யா நகரில் நடந்த நவீன ஓவியக் கண்காட்சியைக் கட்சியின் சஞ்சிகையிலே கடுமையாகத் தாக்கி எழுதினார். யதார்த்த ஓவியமே மக்கள் ஓவியம் என்ற கருத்து வலுப்பெற்றது. அதன் தலைசிறந்த பிரதிநிதி, சிசிலியின் மற்றொரு மைந்தராகிய ரெனாட்டோ குத்தூசோ.

இவ்விவாதத்தில் அதிகம் அடிபட்ட பெயர்களுள் அல்பேர்ட்டோ பூரியினுடையதும் ஒன்று. 1915 இற் பிறந்த பூரி தொழிலால் வைத்தியர். முசோலினியின் படையிலே பணியாற்றி, 1943 இல் துனீசியாவிற் சிறைப்பட்டு, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஹியர்ஃபோர்ட் முகாமில் அடைக்கப்பட்டார். நேச நாடுகளுடன் ஒத்துழைக்க மறுத்தோர்க்கான முகாம் அது. எனவே அரசியலில் அவர் நம்மவர் அல்லர். அங்குதான் அவர் மருத்துவத்தைத் துறந்து, கோணிச் சாக்கிலே வண்ணம் தீட்டத் தொடங்கினார். பின்னர் கிழிந்த சாக்குகளைத் தைத்து, ஒட்டி, அவற்றையே ஓவியமாக்கினார். 1959 இல் அவருடைய பெருஞ் சாக்கு ஓவியம் ரோமின் தேசிய நவீன கலைக்கூடத்திலே இடம்பெற்றமை குறித்து, கம்யூனிஸ்ட் செனற்றர் உம்பேர்த்தோ தெர்ராசீனி செனற் சபையிலேயே கண்டனக் கேள்வி எழுப்பினார். முசோலினியின் சிறைகளிற் பல்லாண்டு வாடிய வீரர் அவர். அவருடைய நேர்மையை ஐயுற இடமில்லை. ஆயினும் சாக்குத்துணி என்பது உழைப்பாளியின் முதுகில் ஏறும் பொருள் என்பதும், அதன் கிழிசலும் தையலும் போர்க்காலக் காயத்தையும் வறுமையையும் நினைவூட்டவல்லன என்பதும் அன்று அவர் கண்ணிற் படவில்லை.

இவ்விரு கலைப் போக்குகளும் ஜிபெல்லினாவிற் சந்தித்தன. அனர்த்தத்தை அடுத்து அவ்வூரின் நகரபிதாவாகத் தெரிவானவர் லுடோவிக்கோ கொர்ராவோ. தன்னைக் கடத்திக் கெடுத்தவனை மணக்க மறுத்து 1966 இல் நீதிமன்றத்தில் வென்ற சிசிலியப் பெண் ஃபிராங்கா வியோலாவின் வழக்கறிஞர் இவரே. பின்னர் கம்யூனிஸ்ட் கட்சிப் பட்டியலிற் சுயேச்சையாகச் செனற்றுக்கும் தெரிவானார். அவரும் எழுத்தாளர் லியொனார்டோ ஷாஷா, ஓவியர் குத்தூசோ முதலியோரும் விடுத்த அழைப்பின்பேரில், 1970 ஜனவரியில், அதிர்ச்சியின் இரண்டாம் ஆண்டு நிறைவன்று இரவு, ஜிபெல்லினாவின் இடிபாடுகளிடையே கலைஞர்களும் மக்களும் கூடினர். குத்தூசோ அதனை 'ஜிபெல்லினாவின் இரவு' என்னும் ஓவியமாகத் தீட்டினார். இருளிலே தீப்பந்தம் ஏந்திய மக்கட் கூட்டம்: காண்போர் எவருக்கும் உடனே விளங்கும் யதார்த்த ஓவியம் அது.

புதிய ஜிபெல்லினா, பழைய ஊரிலிருந்து சாலைவழி ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தள்ளி அமைக்கப்பட்டது. கொர்ராவோ நாட்டின் கலைஞர்களை அங்கு அழைத்தார். கொன்சாக்ரா 1981 இல் பள்ளத்தாக்கின் வாயிலிலே, இருபது மீற்றருக்கு மேல் உயர்ந்த உருக்கு நட்சத்திரத்தை நிறுவினார். 2005 இல் இறந்த அவர் அவ்வூர் மயானத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பூரியும் வந்தார். புதிய ஊரிலே தமக்கு வேலையில்லை என்று கருதிய அவர், இடிந்த பழைய ஊரைக் காட்டுமாறு கேட்டார். அதனைக் கண்டபின்பே அவருடைய திட்டம் பிறந்தது.

1970களில் பூரி 'கிரெத்தி' என்னும் வெடிப்போவியங்களைச் செய்துவந்தார். வெண்களியைப் பசையுடன் குழைத்துப் பலகையிற் பூசி உலரவிட, நீர் வற்றிக் களி சுருங்கும்போது பரப்பெங்கும் வெடிப்புகள் ஓடும். கோடையில் வற்றிய குளத்தின் அடிமண்ணைக் கண்டோர்க்கு இது புதிதன்று. அச்சிறு பலகையையே பூரி ஒரு மலைச்சரிவாக விரித்தார். பழைய ஜிபெல்லினாவின் இடிபாடுகளை ஒன்றுதிரட்டி, பெரும் பாளங்களாக அமைத்து, அவற்றின்மேல் வெண்சீமெந்தை வார்க்கச் செய்தார். பாளங்கள் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். இடையிலுள்ள பிளவுகள் மனிதர் நடந்து செல்லும் அகலம். பழைய வீதிகளின் போக்கை அப்பிளவுகள் பெரும்பாலும் தழுவிச் செல்கின்றன. மொத்தப் பரப்பு 80,000 சதுர மீற்றருக்கும் அதிகம். 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய பணி 1989 இல் நிதியின்றி நின்றது. பூரி 1995 இற் காலமானார். அவருடைய நூற்றாண்டாகிய 2015 இலேயே அது நிறைவெய்தியது.

இப்பொழுது நமது முதல் வினாவுக்குத் திரும்பலாம். இவ்வாக்கத்தில் மனித உருவம் இல்லை. அழும் தாயும் இல்லை. இடிந்த வீட்டின் சித்திரமும் இல்லை. ஆயினும் அதன் பிளவுகளினூடே நடப்பவன் ஓர் ஊரின் தெருக்களினூடே நடக்கிறான். அவனுக்கு இருபுறமும் உள்ள சீமெந்தின் அடியிலே கதவுகளும் கட்டில்களும் சட்டிபானைகளும் புதைந்துள்ளன. கதவில்லாத, யன்னலில்லாத, குரலில்லாத ஊர். உருவம் அரூபமே, உள்ளடக்கமோ உறுதியான வரலாறு. இதே பாளங்களை ஒரு வங்கியின் முற்றத்திலே வைத்திருந்தால் அவை வெறும் அலங்காரமாகவே முடிந்திருக்கும். கலைப்படைப்பின் பொருளை அதன் உருவம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த மண்ணில், எந்த மக்களின் அனுபவத்தின்மீது நிற்கின்றது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது. குத்தூசோவின் தீப்பந்தங்கள் உயிரோடு எஞ்சியோரின் குரல். பூரியின் வெண்பாளங்கள் மாண்டோரின் மௌனம். இவற்றுள் ஒன்றை முற்போக்கு என்றும் மற்றதைப் பிற்போக்கு என்றும் உருவத்தை மட்டும் கொண்டு முத்திரை குத்துவது விமர்சனமாகாது.

ஆனால் இத்துடன் நின்றுவிட்டால் நாமும் அழகின் மயக்கத்தில் அகப்பட்டவர்களாவோம். இடிபாடுகளைச் சீமெந்து மூடியபோது, தம் வீடிருந்த இடத்தைத் தேடிச்சென்று ஒரு கல்லையேனும் தொட்டு அழும் வாய்ப்பினை மக்கள் இழந்தனர். ஊரவர் சிலர் அதனை மனக்கசப்புடனேயே நோக்கினர். புதிய ஊரோ, மக்களின் வாழ்க்கை முறையை அறியாத திட்டக்காரரின் கைவண்ணம். ஒடுங்கிய தெருவிலே வாயிற்படியில் அமர்ந்து அயலாருடன் உறவாடிய குடியானவர், ஆளரவமற்ற அகன்ற வீதிகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அதிக மக்களை எதிர்பார்த்து அமைக்கப்பட்ட அவ்வூரிலே இன்று வாழ்வோர் ஏறக்குறைய நாலாயிரவரே. லுடோவிக்கோ குவரோனி வரைந்த பெருந் தேவாலயத்தின் கூரை, 1994 இல் எவ்வித பூமியதிர்ச்சியும் இன்றித் தானே இடிந்து வீழ்ந்தது. ஆலயம் திறக்கப்பட்டது 2010 இலேயே.

கொர்ராவோவின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வறியவனுக்குக் கூரை மட்டும் போதும், அழகு வேண்டாம் என்று நினைப்பதும் ஒருவகை அவமதிப்பே என அவர் கருதினார். இதில் உண்மை உண்டு. ஆனால் கூரையும் அழகும் ஒன்றுக்கொன்று எதிரிகளாக நிறுத்தப்பட்டமைக்குக் காரணம் கலைஞர் அல்லர். கொட்டிலில் மக்களைக் காத்திருக்க வைத்துவிட்டு ஒப்பந்தங்களைப் பங்கிட்டுக்கொண்ட ஆட்சிமுறையே அதற்குக் காரணம்.

இத்தாலி அரசு, 2026 ஆம் ஆண்டுக்கான சமகாலக் கலைத் தலைநகராக ஜிபெல்லினாவைத் தெரிவு செய்தது. இப்பட்டத்தைப் பெற்ற முதல் ஊரும் அதுவே. பெருமைக்குரிய செய்திதான். வெண்சீமெந்தின் அழகைக் காணச் செல்வோர், அவ்வெண்மையின் அடியில் என்ன கிடக்கின்றது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். நிலத்தின் அதிர்வைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு இன்னும் கைகூடவில்லை. ஆனால் உறுதியான வீடு, விழிப்பான திட்டம், மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி ஆகியவற்றை அமைக்கும் ஆற்றல் அவனிடம் உண்டு. அவை அமையாதவரை ஒவ்வோர் அதிர்ச்சியும் வறியோரையே தேடிச்சென்று கொல்லும். கலைஞனுக்கோ நினைவுச்சின்னம் அமைக்கும் வேலை ஓயாது. நினைவுச்சின்னம் தேவைப்படாத ஊர்களைக் கட்டும் பணி நம் எல்லோருடையதும் ஆகும்.